போர்முனைக்குப் போகும் டெல்டா செய்தியாளருக்கு: வீட்டில் வைக்கும் உறையிலிருந்து விடுதலை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் ஒரு மீனவர் வீட்டில், இரும்புப் பெட்டிக்குள் மஞ்சள் துணிப்பை ஒன்று எப்போதும் தயாராக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆதார் நகல், படகின் பதிவுச் சான்று, மீன்வளத்துறை அடையாள அட்டை, குடும்ப அட்டை, நான்கு பாஸ்போர்ட் அளவுப் படங்கள், வக்கீல் ஒருவரின் எண் எழுதிய நாட்காட்டித் தாள் ஆகியவை அதில் இருந்தன. வீட்டுக்காரரை இலங்கைக் கடற்படை பிடித்துக் காங்கேசன்துறைக்குக் கொண்டுபோனால், விடிவதற்குள் அந்தப் பையை எடுத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்கு முதலில் போக வேண்டும் என்பது அந்த அம்மாவுக்கு மனப்பாடம். “எல்லாத்துலயும் பேரு ஒண்ணா இருக்கணும் சார். போன தடவ அங்கேருந்து வந்த லிஸ்ட்ல அவுங்க அப்பா பேர முன்னாடி போட்டுட்டாங்க, நாலு நாளா ஆளு எங்கேன்னே தெரியல” என்றார்.

முப்பது ஆண்டுகள் செய்திமேசையில் உட்கார்ந்திருந்த நான், அப்படி ஒரு பையை வீட்டில் வைத்துவிட்டுப் போர்முனைக்குக் கிளம்பிய நிருபரை அதுவரை சந்தித்ததே இல்லை. கவசத்தைப் பற்றியும் கேமராவைப் பற்றியும் எங்களிடம் பேச்சு நிறைய உண்டு. பிடிபட்டால் வீட்டில் யார் எந்தக் கதவைத் தட்டுவது என்ற பேச்சு மட்டும் வராது. நியூயார்க்கிலுள்ள பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் கணக்குப்படி 2024-இல் உலகெங்கும் 124 செய்தியாளர்களும் ஊடகப் பணியாளர்களும் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று 361 பேர் சிறையில் இருந்தார்கள். பெரிய செய்தி நிறுவனங்களுக்கெனப் பாதுகாப்புப் பிரிவுகள் இருக்கின்றன. இந்த வழிகாட்டி, தஞ்சையிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ மயிலாடுதுறையிலிருந்தோ சொந்தப் பொறுப்பில் கிளம்புகிற ஃப்ரீலான்ஸ் நிருபருக்கும், அவரை வழியனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்களுக்கும் உரியது.

முதற்படி: யார் அனுப்புகிறார்கள் என்பதை எழுத்தில் பெறுதல்

எனக்குத் தெரிந்த வலங்கைமான் பக்கத்து இளைஞர் ஒருவர் 2022-இல் போலந்து வழியாக உக்ரைனுக்குள் போனார். அவரிடம் ஒரு தொலைக்காட்சி சொன்னது இவ்வளவுதான்: “நல்ல வீடியோவா வந்தா எடுத்துக்கறோம்.” கடிதம் கிடையாது, முன்பணம் கிடையாது, அடிபட்டால் யார் பொறுப்பு என்ற பேச்சே கிடையாது. அவர் அனுப்பிய காட்சிகளை அவர்கள் தங்கள் நிருபர் எடுத்ததாகவே ஒளிபரப்பினார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவர்கள் மட்டும்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று வாசகர் நினைத்துவிடக்கூடும்.

ஆகவே முதல் வேலை கடிதம் வாங்குவது. அதில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். எந்த நாட்டுக்கு, எந்தத் தேதிவரை, என்ன பணிக்காகப் போகிறீர்கள் என்பதும், மருத்துவச் செலவு, அவசரமாக வெளியேற்றும் செலவு, உள்ளூர் உதவியாளரின் கூலி ஆகியவற்றை யார் ஏற்பார்கள் என்பதும் இருக்க வேண்டும். சிரியாவில் 2012 நவம்பரில் கடத்தப்பட்டு 2014 ஆகஸ்டில் கொல்லப்பட்ட ஜேம்ஸ் ஃபோலி ஒரு ஃப்ரீலான்ஸ் செய்தியாளர். அந்தக் கொலைக்குப் பிறகு, 2015-இல், ஃப்ரீலான்ஸ் செய்தியாளருக்கும் தன் ஊழியருக்குக் காட்டும் அதே அக்கறையை நிறுவனம் காட்ட வேண்டும் என்ற பாதுகாப்புக் கொள்கைகளைப் பல பன்னாட்டு ஊடகங்கள் ஒப்புக்கொண்டன. அந்தக் கொள்கையைச் சொல்லிக் கேளுங்கள். கடிதம் தர மறுக்கும் நிறுவனம், நீங்கள் சிறையில் இருக்கும்போது உங்களைத் தெரியாது என்று சொல்லவும் தயங்காது.

காப்பீட்டுப் பத்திரத்தில் விலக்குகள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் போரால் நேரும் காயத்தையும் சாவையும் விலக்கியே வைத்திருக்கின்றன. பாரிஸிலுள்ள எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு ஃப்ரீலான்ஸ் செய்தியாளர்களுக்குக் கவசமும் ஹெல்மெட்டும் இரவல் தருகிறது; லண்டனிலுள்ள ரோரி பெக் அறக்கட்டளை பாதுகாப்புப் பயிற்சிக்கு உதவித்தொகை தருகிறது. இரண்டுக்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட் போட்ட பிறகு கேட்டால் நேரம் போதாது.

இரண்டாம் படி: சட்டம் உங்களை என்னவாகப் பார்க்கிறது

நம் ஊரில் இருசக்கர வண்டியின் முன்னால் ‘பிரஸ்’ என்று ஒட்டிக்கொண்டால் போக்குவரத்துக் காவலர் வழிவிடுவார் என்ற நம்பிக்கை உண்டு. காய்கறி வியாபாரியின் வண்டியிலும் அந்த ஸ்டிக்கரை நான் கும்பகோணத்தில் பார்த்திருக்கிறேன். மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் தரும் அட்டைக்கு மாவட்டத்துக்குள் மதிப்பு உண்டு. போர்முனையில் வேறு கணக்கு.

1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம், ஒரு ராணுவத்தின் அனுமதியோடும் அடையாள அட்டையோடும் அதனுடன் செல்லும் போர்ச் செய்தியாளர் பிடிபட்டால் அவரைப் போர்க்கைதியாக நடத்த வேண்டும் என்கிறது. தானாகச் செல்லும் மற்ற செய்தியாளர்களை 1977-இன் முதலாம் கூடுதல் நெறிமுறை தன் 79-ஆம் பிரிவில் பொதுமக்களாகவே கருதுகிறது. போரில் நேரடியாகப் பங்கெடுக்காதவரை அந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு உண்டு. இந்தியாவும் இலங்கையும் அந்த நெறிமுறையை ஏற்கவில்லை. ஆயினும் செய்தியாளரை மதித்துக் காக்க வேண்டும் என்பது எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டமாகிவிட்டது என்று பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு கூறுகிறது. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2006-இல் 1738-ஆம் தீர்மானத்திலும் 2015-இல் 2222-ஆம் தீர்மானத்திலும் இதையே வலியுறுத்தியது.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? துப்பாக்கியைத் தொடாதீர்கள், படம் எடுத்துக்கொள்வதற்காக விளையாட்டாகக்கூடக் கையில் வாங்காதீர்கள், அந்த ஒரு படம் பிற்பாடு வழக்கில் சான்றாக வரும். ராணுவ நிறத்தில் உடுத்தாதீர்கள். ஒரு படையோடு சென்றால் அதன் பகைவருக்கு நீங்களும் இலக்குதான். அஃப்கன் சிறப்புப் படையினருடன் சென்ற ராய்ட்டர்ஸ் ஒளிப்படக்காரர் டேனிஷ் சித்திக்கி 2021 ஜூலை 16 அன்று காந்தஹார் மாகாணத்து ஸ்பின் போல்டாக்கில் தாலிபான் தாக்குதலில் கொல்லப்பட்டார். மேலும் ஒவ்வொரு போருக்கும் தனி அனுமதி முறை உண்டு. உக்ரைன் 2023 முதல் சிவப்பு, மஞ்சள், பச்சை என மண்டலம் பிரித்து, சிவப்பு மண்டலத்துக்குள் செய்தியாளர்களைத் தடுத்தது. அனுமதியின்றி நுழைந்த ஒரு கிலோமீட்டர் போதும், செய்தியாளரை உளவாளி என்று எழுத.

மூன்றாம் படி: வீட்டில் விட்டுச் செல்லும் உறை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்று யாராவது சொன்னால், இதைப் படிக்கச் சொல்வேன்.

முதலில் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவையோ மனைவியையோ கணவரையோ வைக்காதீர்கள். நடுராத்திரியில் வரும் அழைப்பில் குரல் நடுங்காமல் பேசி, கேட்டதைக் கேட்டபடி எழுதி வைக்கக்கூடியவராக இருக்க வேண்டும். கொஞ்சம் ஆங்கிலமும், அலுவலகங்களில் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் வளைகுடா வேலைக்குப் போய் மாட்டிக்கொண்ட உறவினரைத் தூதரகத்தோடு மல்லுக்கட்டி மீட்டவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்குத் தெரிந்தது பல பத்திரிகை ஆசிரியர்களுக்குத் தெரியாது.

உறைக்குள் பாஸ்போர்ட், விசா, அனுமதிக் கடிதம், காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களை வையுங்கள். நேர்முகம், பக்கவாட்டு என இரண்டு அண்மைப் படங்கள், உடலிலுள்ள தழும்பு, மச்சம், இரத்த வகை, தினமும் சாப்பிடும் மாத்திரை ஆகிய விவரங்களும் வேண்டும். பெயர் விஷயத்தில் அக்கரைப்பேட்டை அம்மா சொன்னதுதான் பாடம். தமிழர் பெயர் முதலெழுத்தோடு ஓர் ஆவணத்திலும், தந்தை பெயர் விரிந்து இன்னோர் ஆவணத்திலும், பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரோடும் இருக்கும். அயல்நாட்டுக் காவல் பதிவேட்டில் அப்பா பெயரே உங்கள் பெயராகிவிடும். ஆகவே உங்கள் பெயரை எத்தனை விதமாக எழுத வாய்ப்பிருக்கிறதோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கைதிகள் பட்டியலில் தேடுகிறவருக்கு அதுதான் திறவுகோல்.

அடுத்து, உயிரோடு இருப்பதை உறுதி செய்யும் கேள்விகள். யாரோ ஒருவர் தொலைபேசியில், “உங்கள் ஆள் எங்களிடம் இருக்கிறார், பணம் அனுப்புங்கள்” என்றால், அது உண்மையா மோசடியா என்று அறிய ஒரே வழி, உங்களுக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வியைக் கேட்டு விடை வாங்கி வரச் சொல்வதுதான். பள்ளியின் பெயர், அம்மாவின் ஊர், செல்லப்பெயர் எல்லாம் முகநூலில் கிடைத்துவிடும், அவை வேண்டாம். வலங்கைமான் தம்பி எழுதி வைத்த கேள்விகளில் ஒன்று, “ஆத்தங்கரையில் தொலைத்த செருப்பின் நிறம் என்ன, அப்பாவிடம் என்ன பொய் சொன்னாய்” என்பது. இப்படி மூன்று கேள்விகள் போதும். அவற்றில் ஒன்றாவது, கட்டாயத்தின் பேரில் பேசுகிறேன் என்று உங்கள் ஆட்களுக்கு உணர்த்தும் தவறான விடையோடு சேர்ந்து இருக்கட்டும்.

வங்கிக் கணக்கை இயக்கவும், வக்கீலை அமர்த்தவும், உங்கள் சார்பில் மனுவில் கையெழுத்திடவும் ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதிக்கொடுங்கள். நீங்கள் இல்லாத எட்டு மாதத்துக்கு வீட்டு வாடகை கட்டுவது யார் என்ற கேள்விக்கு அந்தப் பத்திரம்தான் விடை. கடைசியாக ஒரு தாளில், பிடிபட்டால் ஊடகத்தில் வெளியிடலாமா கூடாதா என்று நீங்கள் விரும்புவதையும், குடும்பத்தின் சார்பில் பேசப்போகும் ஒரே ஒருவரின் பெயரையும் எழுதுங்கள். உறையை ஒட்டி, மேலே தேதி போட்டுப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அவர் தன் வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டட்டும்.

நான்காம் படி: உடலைப் பழக்குதலும் கவசமும்

திருவையாற்றில் ஒரு திண்ணையில் ஏழெட்டு இளம் நிருபர்களுக்கு முதலுதவிப் பயிற்சி நடந்தபோது உடன் இருந்தேன். தொடைக்காயத்தில் இரத்தத்தை நிறுத்தும் டூர்னிகே கட்டைக் கட்டிப் பழக வேண்டும். கட்டியவள் பாபநாசத்துப் பெண். படுத்திருந்தவன் அவள் அலுவலகத்துப் பையன். அவன் முகம் சுளித்ததும் அவள் கை தளர்ந்தது. பயிற்சி தந்த செவிலியர் அவன் காலடியில் நாடி பார்த்துவிட்டு, “இன்னும் ஓடுது, இவன் செத்துட்டான்” என்றார். பாதித் தளர்வாகக் கட்டினால் இரத்தம் உள்ளே வரும் தமனி அடைபடாமல், வெளியே போகும் சிரை மட்டும் அடைபட்டு, ஒழுக்கு இன்னும் கூடும். இரக்கம் பார்க்காமல் முறுக்க வேண்டும். காயத்துக்கு மேலே நான்கு விரற்கடை விட்டு, மூட்டின் மேல் படாமல் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி, மருத்துவர் அவிழ்க்கும்வரை தொடாமல் விட வேண்டும். பெரிய தமனி அறுந்தால் ஐந்து நிமிடத்துக்குள்கூட உயிர் போகும் என்பதால் ஆம்புலன்ஸ் வரும்வரை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. முறையான டூர்னிகே இரண்டு வாங்கி, இடக்கையாலும் வலக்கையாலும் இருட்டிலும் உங்கள் உடம்பிலேயே கட்டிப் பழகுங்கள். ஒன்று எப்போதும் கவசத்தின் வெளிப்புறத்தில், இரண்டு கைக்கும் எட்டும் இடத்தில் தொங்க வேண்டும்.

கவசத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. துணி போன்ற மெல்லிய கவசம் கைத்துப்பாக்கிக் குண்டையும் சிறு சிதறல்களையும்தான் தாங்கும். ரைஃபிள் குண்டைத் தடுக்க மார்பிலும் முதுகிலும் கடினத் தகடு வேண்டும். ஹெல்மெட் சிதறலுக்குரியது. ரைஃபிளின் நேரடிக் குண்டை அது தடுக்கும் என்று நம்பி எட்டிப் பார்க்காதீர்கள். தகடு வைத்த கவசத்தோடு ஓடுவது, அறுவடைக் காலத்தில் நெல்மூட்டையைத் தலையில் வைத்து வரப்பில் நடப்பது போலத்தான். பழக்கம் இல்லாதவன் பத்தடியில் சாய்வான். போவதற்கு இரண்டு மாதம் முன்பே அணிந்து நடக்கத் தொடங்குங்கள். பல நாடுகளில் இக்கவசத்தை உள்ளே கொண்டுபோகவும் வெளியே எடுக்கவும் உரிமம் வேண்டும் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

‘பிரஸ்’ என்ற எழுத்து காக்குமா? அல் ஜசீரா நிருபர் ஷிரீன் அபு அக்லே 2022 மே 11 அன்று பாலஸ்தீனத்தின் ஜெனினில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அந்த எழுத்துள்ள நீலக் கவசத்தை அணிந்திருந்தார். லண்டன் சண்டே டைம்ஸ் நிருபர் மேரி கொல்வின் 2001 ஏப்ரலில் வன்னியிலிருந்து அரசுப் பகுதிக்குக் கடக்கையில் ‘செய்தியாளர்’ என்று கத்திய பின்பும் எறிகணை வந்தது, இடக்கண் போனது. ஆகவே எழுத்தை வெல்க்ரோ வைத்து ஒட்டி எடுக்கும்படி வைத்திருங்கள். எங்கே ஒட்டுவது, எங்கே கழற்றுவது என்பதை அந்த இடத்து உள்ளூர்ச் செய்தியாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: தொலைபேசியும் மற்றக் கருவிகளும்

அன்றாடம் பயன்படுத்தும் தொலைபேசியை வீட்டிலேயே வையுங்கள். புதிய போனில் தேவையான எண்களை மட்டும் ஏற்றுங்கள். விரல்ரேகைத் திறப்பையும் முகத் திறப்பையும் நிறுத்திவிட்டு நீண்ட கடவு எண்ணை வையுங்கள், ஏனெனில் உங்கள் விரலைப் பிடித்து வைத்துத் திறக்க யாருக்கும் உங்கள் சம்மதம் தேவையில்லை. பழைய பதிவுகளைத் திரும்பிப் பாருங்கள். ஈழம் பற்றியும் பாலஸ்தீனம் பற்றியும் கோபத்தில் எழுதியவை, கல்லூரிக் காலத்தில் சேர்ந்து மறந்த வாட்ஸ்ஆப் குழுக்கள், யாரோ அனுப்பிய கொடிப் படங்கள் எல்லாவற்றையும் சோதனைச்சாவடியில் நிற்கும் இருபது வயதுச் சிப்பாய் உங்கள் வாக்குமூலமாகவே வாசிப்பான்.

சாட்டிலைட் போனில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, அதன் சமிக்ஞையை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம். மேரி கொல்வின், ஒளிப்படக்காரர் ரெமி ஓஷ்லிக் இருவரும் 2012 பிப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸ் நகரில் கொல்லப்பட்ட வழக்கில், ஊடகக் கூடத்தின் இருப்பிடத்தை ஒட்டுக்கேட்பாலும் உளவாளிகளாலும் சிரிய அரசு அறிந்து தாக்கியது என்ற சான்றுகளை ஏற்று, 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் சிரிய அரசைப் பொறுப்பாக்கியது. சுருக்கமாகப் பேசி, அணைத்து, இடம் மாறுங்கள். இரண்டாவது ஆபத்து நம் விமான நிலையத்தில் இருக்கிறது: துராயா, இரிடியம் வகைப் போன்களை அரசு அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். போரிலிருந்து உயிரோடு திரும்பிச் சென்னையில் கைதாவதைப் போன்ற அபத்தம் வேறில்லை. வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: களத்தில் ஒவ்வொரு நாளும்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த பிறகு, போன் கோபுரங்கள் சாய்ந்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் கிடந்தோம். அப்போது எங்கள் செய்திமேசை கற்றுக்கொண்ட ஒழுங்கையே போருக்கும் சொல்வேன்: நாளில் இரண்டு முறை குறித்த நேரத்தில் தகவல், கிளம்பும் முன் எந்த வழியில் எங்கே, யாரோடு, எப்போது திரும்புவது, தகவல் வராவிட்டால் எத்தனை மணி நேரம் கழித்து யார் யாரை அழைப்பது.

உக்ரைனில் இருந்த வலங்கைமான் தம்பிக்கு நான்தான் பொறுப்பாளர். ஒருநாள் இரவு எட்டரைக்கு வர வேண்டிய தகவல் வரவில்லை. மூன்று மணி நேரம் கழித்து அவருடைய உள்ளூர் உதவியாளர், ஆறு மணி நேரத்தில் விடுதி, பன்னிரண்டு மணி நேரத்தில் தூதரகம் என்று எழுதி வைத்திருந்தோம். பதினொன்றரைக்கு உதவியாளர் போனை எடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தம்பியின் அம்மா அழைத்து, “அண்ணே, பையன் பேசுனானா?” என்றார். பேசவில்லை, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது தாளில் இருக்கிறது என்றேன். உறையை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றரைக்கு அழைப்பு வந்தது. பவர் பேங்கை யாருக்கோ கொடுத்துவிட்டாராம். திட்டவில்லை. தாளில் ‘இரண்டாவது பவர் பேங்க்’ என்று சேர்த்துக்கொண்டேன்.

சோதனைச்சாவடியை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கைகள் தெரியும்படி வைத்திருங்கள். கேமராவை மடிக்குக் கீழே இறக்குங்கள், எதையும் சட்டென்று எடுக்காதீர்கள். பேசுவதை உள்ளூர் ஓட்டுநரிடம் விடுங்கள். தார்ச்சாலையை விட்டு இறங்கி மண்ணில் கால் வைக்காதீர்கள், சிறுநீர் கழிப்பதற்குக்கூட. உழவு நடக்காத வயல், ஆடுமாடு மேயாத புல் இருந்தால் கண்ணிவெடி இருக்கலாம் என்று கொள்ளுங்கள்.

ஒரு குண்டு விழுந்த இடத்துக்கு உடனே ஓடாதீர்கள். தெற்கு லெபனானில் 2023 அக்டோபர் 13 அன்று ராய்ட்டர்ஸின் இஸ்ஸாம் அப்தல்லா கொல்லப்பட்ட தாக்குதலில் முதல் குண்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 37 விநாடிகள். 2025 ஆகஸ்ட் 25 அன்று காஸாவின் கான் யூனிஸ் நாசர் மருத்துவமனை அடுத்தடுத்துத் தாக்கப்பட்டபோது, கொல்லப்பட்டவர்களில் ஐந்து செய்தியாளர்கள் இருந்தார்கள். செய்தி பத்து நிமிடம் பொறுக்கும்.

உள்ளூர் உதவியாளர், மொழிபெயர்ப்பாளர், ஓட்டுநர் ஆகியோரே உங்கள் உண்மையான கவசம்; உங்களுக்காக அதிக விலை தருபவர்களும் அவர்களே. நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள். உலகெங்கும் கொல்லப்படும் செய்தியாளர்களில் பெரும்பான்மையோர் உள்ளூர்க்காரர்கள். பிபிசி தமிழோசைக்குச் செய்தி தந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். திருகோணமலையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைப் படங்களால் காட்டிய சுப்பிரமணியம் சுகிர்தராஜன் 2006 ஜனவரி 24 அன்று சுடப்பட்டார். கோடியக்கரையில் நின்றால் எதிர்க்கரை அந்தக் கரைதான். உதவியாளரின் கூலி, காப்பீடு, பெயர் வெளியாகலாமா என்ற மூன்றையும் முதல் நாளே பேசி முடியுங்கள்.

ஏழாம் படி: பிடிபட்டால்

பிடிபடும் முதல் நிமிடங்களும், மீட்பு நடந்தால் அந்த நிமிடங்களும்தான் உயிருக்கு மிக ஆபத்தானவை. எதிர்க்காதீர்கள், ஓடாதீர்கள், கைகளைக் காட்டி, மெதுவாக, நீங்கள் யார் என்று சொல்லுங்கள். எளிதில் சரிபார்க்கக்கூடிய விஷயத்தில் பொய் சொல்லாதீர்கள். மற்றவரின் பெயரைச் சொல்லத் தேவையில்லாத வகையில் பதிலைச் சுருக்குங்கள்.

அயல்நாட்டு அரசு கைது செய்தால், “என் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்” என்று உடனே, வாய்விட்டு, ஒவ்வொரு அதிகாரியிடமும் கேளுங்கள். 1963-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவு, கைதானவர் கேட்டுக்கொண்டால் தாமதமின்றித் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ‘கேட்டுக்கொண்டால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தியரான குல்பூஷண் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தான் இப்பிரிவை மீறியது என்று பன்னாட்டு நீதிமன்றம் 2019 ஜூலை 17 அன்று தீர்ப்பளித்தது. இந்தியக் குடியுரிமை இல்லாமல் தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் ஈழத்தமிழர் ஒருவர் இப்படிப் போய்ப் பிடிபட்டால் அவருக்காக இந்தியத் தூதரகம் கேட்கும் என்று நம்ப முடியாது. அவர் போகக் கூடாது என்றே சொல்வேன்.

கையெழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் மறுத்துவிடலாம் என்பது நமக்குப் பழகிய சட்டம். இந்தியாவில் காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் பொதுவாகச் சான்றாகாது. இலங்கையின் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் அப்படியில்லை. உதவிக் கண்காணிப்பாளர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் தந்த ஒப்புதல் சான்றாகும். அது மிரட்டி வாங்கியது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழும். கைதான சக பத்திரிகையாளர்களைப் பற்றி விசாரிக்க 2008 மார்ச் 7 அன்று பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவுக்குப் போன ஜெ. எஸ். திசைநாயகம் அங்கேயே நிறுத்தி வைக்கப்பட்டார். ஐந்து மாதத்துக்கு மேல் குற்றச்சாட்டே இல்லை. பின்னர் எழுதியவற்றுக்காகவே வழக்கு. மிரட்டி வாங்கியது என்று அவர் மறுத்த ஒப்புதலும் அதில் சேர்ந்தது. 2009 ஆகஸ்ட் 31 அன்று 20 ஆண்டுச் சிறை. 2010-இல் பிணையும் பின்பு மன்னிப்பும் கிடைத்தன. ஆகவே படிக்கத் தெரியாத மொழியிலுள்ள தாளில் கையெழுத்திடாதீர்கள். அடிக்குப் பயந்து இட நேர்ந்தால், உயிர்தான் முக்கியம், இடுங்கள்; முதலில் சந்திக்கும் நீதிபதியிடமோ மருத்துவரிடமோ தூதரக அதிகாரியிடமோ எந்த நாளில், யார் முன்னிலையில், எப்படி வாங்கப்பட்டது என்று சொல்லுங்கள்.

சிறையில் தண்ணீரைக் குடியுங்கள், தந்ததைச் சாப்பிடுங்கள், நாளைக் கணக்கு வையுங்கள். காவலரிடம் குடும்பத்தைப் பற்றிப் பேசலாம். அரசியலும் மதமும் வேண்டாம். செஞ்சிலுவைக் குழுவினர் வந்தால் பெயரை முழுமையாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவர்கள் விடுதலை வாங்கித் தர மாட்டார்கள். ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறிய கைதியைக் காணாமல் போகச் செய்வது கடினம்.

எட்டாம் படி: வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

பொறுப்பாளர் உறையைப் பிரித்து, ஒரு நோட்டில் தேதியும் நேரமும் போட்டு எழுதத் தொடங்குகிறார். அனுப்பிய நிறுவனத்துக்குத் தெரிவித்தல், அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்கு மின்னஞ்சலும் அழைப்பும், வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுதல், மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குதல், செய்தியாளர்களுக்கென 1985 முதல் செஞ்சிலுவைக் குழு நடத்தும் உதவி அழைப்புக்குப் பேசுதல், கைது நடந்த ஊரிலேயே ஒரு வக்கீலைப் பிடித்தல் ஆகியவை முதல் நாள் வேலைகள். நம் உயர்நீதிமன்றத்தின் ஆட்கொணர்வு ஆணை அயல்நாட்டுச் சிறையை எட்டாது; ஆனால் நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு ஆணையிடக் கோரி மனுப் போடலாம்.

வெளியே சொல்வதா, அமைதி காப்பதா என்பதுதான் கடினமான முடிவு. அரசு ஒன்று வழக்குப் போட்டுப் பிடித்து வைத்திருந்தால், வெளிச்சம் பெரும்பாலும் உதவும் என்பது என் கருத்து. மியன்மாரில் கைதான ராய்ட்டர்ஸின் வா லோனும் கியா சோ ஊவும் 511 நாட்கள் சிறையில் இருந்து 2019 மே 7 அன்று வெளியே வந்ததில் உலகின் குரலுக்குப் பங்கு உண்டு. ஆயுதக் குழு கடத்தியிருந்தால் வேறு வழி. நியூயார்க் டைம்ஸ் நிருபர் டேவிட் ரோட் 2008 நவம்பரில் ஆஃப்கானிஸ்தானில் கடத்தப்பட்டபோது அவருடைய பத்திரிகை, அவர் 2009 ஜூனில் தப்பி வரும்வரை, செய்தி வெளியாகாமல் பார்த்துக்கொண்டது. விளம்பரம் பணயக்கைதியின் விலையை ஏற்றிவிடும் என்று கருதினார்கள். யார் பிடித்தார்கள் என்பது தெரியும்வரை எதையும் பதிவிடாதீர்கள். ஊர்க்காரர்கள் பிளெக்ஸ் வைக்க வருவார்கள். அவர்களைக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பிளெக்ஸில் போடும் ஒரு கட்சிக் கொடி சிறையில் இருப்பவர் மேல் புதிய குற்றச்சாட்டாகலாம்.

பணம் கேட்டு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி மோசடி. குரலைப் பதிவு செய்து, உறையிலுள்ள கேள்வியைக் கேட்டு, “விடை கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். வாய்தா தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் மனம் தளரும். அக்கரைப்பேட்டையில் அதைப் பழகியவர்கள் இருக்கிறார்கள். வாய்தா நாளில் அவர்களோடு போய் உட்காருங்கள்.

ஒன்பதாம் படி: திரும்பி வந்த பின்

தூக்கம் வராமல் போகலாம், கோயில் திருவிழாவில் வெடிச் சத்தம் கேட்டுத் தரையில் படுக்கத் தோன்றலாம். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியிலேயே பார்க்கலாம், சென்னை போகத் தேவையில்லை.

உதவியாளரின் பாக்கியை உடனே தீருங்கள். அவரது எண்ணையும் படத்தையும் உங்கள் கருவிகளிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் பெயரை எழுதுவதாக இருந்தால் மறுபடியும் கேளுங்கள், முதல் நாள் சம்மதித்திருந்தாலும். பிறகு பொறுப்பாளரிடம் போய் உறையை வாங்கிப் பிரித்து, ஒருமுறையாவது வெளியே சொல்லப்பட்ட கேள்வியைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதுங்கள். புதிய படம் வைத்து, புதிய தழும்பு இருந்தால் சேர்த்து, தேதி மாற்றி மறுபடி ஒட்டிக் கொடுங்கள். வலங்கைமான் தம்பியின் உறை இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. செருப்பின் நிறத்தை அவர் மாற்றிவிட்டார். அப்பாவிடம் சொன்ன பொய்யை மாற்ற மனம் வரவில்லை என்றார்.